கத்தரிச் செடிக்கு விஷம் எதற்கு?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் கீழ்பென்னாத்தூரில் கொல்லைப்புறங்கள் விழித்துக்கொள்ளும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிற ஊர் இது. நெல்லும் நிலக்கடலையும் இந்தப் பக்கத்துப் பயிர்கள். நிலம் உள்ளவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. ஆனால், துணி துவைக்கிற கல்லைச் சுற்றி நான்கு கத்தரிச் செடியும், வேலியில் ஓர் அவரைக் கொடியும், மூலையில் ஒரு முருங்கையும் வைத்துக்கொள்ள நிலபுலம் வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும். கடையில் காய் விலை ஏறும்போதெல்லாம் இந்த நான்கு செடியின் அருமை தெரியும்.

புரட்டாசியில் செடி பூக்கும். பூவுக்குப் பின்னாலேயே பூச்சியும் வரும். அப்போதுதான் நம்மவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்.

நேராகக் கடைக்குப் போகிறார்கள். "கத்தரியில் புழு, ஒரு மருந்து கொடுங்கள்" என்கிறார்கள். கடைக்காரரும் கொடுத்து அனுப்புகிறார். அல்லது, அதுகூட வேண்டாமென்று, நெல்லுக்கு அடித்து மிச்சமிருக்கிற புட்டியை எடுத்துக் கொல்லைக்குப் போகிறார்கள். மருந்து என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம். காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கொடுப்பதும் மருந்து, புழுவைக் கொல்லுவதும் மருந்து! இரண்டாவதற்கு 'விஷம்' என்றே நாம் பெயர் வைத்திருந்தால், அதைக் கையில் எடுக்கும்போது சற்று யோசித்திருப்போம்.

மற்றவர்களைச் சொல்லுவானேன்? நானும் அந்தக் காரியத்தைச் செய்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்குத் தங்கை குழந்தைகளுடன் வருவதாக எழுதியிருந்தாள். கத்தரியில் புழு. வீட்டில் வயலுக்கு அடித்து மிஞ்சிய புட்டி ஒன்று இருந்தது. அளவெல்லாம் பார்க்கவில்லை. மூடியால் இரண்டு மூடி ஊற்றிக் கலக்கி அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் தங்கை வந்தாள். இரண்டு கிலோவுக்குக் குறையாமல் பளபளவென்று காய் பறித்தோம். கூடையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்:

"இன்னா தம்பி, அன்னிக்கி மருந்து அடிச்சிக்கினு இருந்தியே, இந்தச் செடிக்குத்தானே?"

"ஆமாம் ஆயா."

"அடிச்சி எத்தினி நாளு ஆச்சி?"

நான் பதில் சொல்லவில்லை. கூடையோடு குழி தோண்டிப் புதைத்தோம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கத்தரியை ஒட்டி இரண்டு தக்காளிச் செடியும் இருந்தது. தங்கையின் சின்ன மகள் அதிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துச் சட்டையில் துடைத்துத் தின்றிருந்தாள். அப்புறந்தான் எங்களுக்குத் தெரிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு முழுவதும் நானும் தங்கையும் அவள் மூச்சு விடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் புட்டியில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ். இதைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. புட்டியின் மேலேயே அந்த எச்சரிக்கை உண்டு. எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தை யார் படிக்கிறார்கள்? 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோன செய்தி நினைவிருக்கலாம். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதே விஷந்தான். தமிழ்நாட்டு அரசு 2023 தொடக்கத்தில் இதையும் வேறு சில பூச்சிக்கொல்லிகளையும் 60 நாள் விற்கக்கூடாதென்று தடுத்தது. அது தற்கொலைகளைக் குறைக்க எடுத்த நடவடிக்கை. அதே ஆண்டில் மத்திய அரசும் இதன் 36 சத திரவத்தை நிறுத்த ஆணையிட்டது. ஆணை வந்தது சரி. வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய புட்டிக்கு ஆணை போய்ச் சேருமா?

விற்பனையில் இருக்கும் மற்ற விஷங்களின் புட்டியில் ஒரு முக்கோண அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடியது. மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம், பச்சை. பச்சையானாலும் விஷம் விஷந்தான். அடித்த நாளுக்கும் பறிக்கிற நாளுக்கும் நடுவே இத்தனை நாள் விடவேண்டும் என்று ஒரு கணக்கும் உண்டு. மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் அது மாறும். ஆயா கேட்டது அந்தக் கணக்கைத்தான். அவள் எந்தப் புட்டியையும் படித்தவள் அல்ல.

"அப்படியானால் வயலில் கத்தரி போடுகிறவர்கள் அடிக்கிறார்களே?" என்று கேட்கலாம். அவர்கள் கஷ்டம் வேறு. சந்தைக்குக் கொண்டுபோன மூட்டையில் நாலு சொத்தைக் காய் தெரிந்தால் போதும், வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவான். பளபளப்புக்குத்தான் அங்கே காசு. அந்தப் பளபளப்பைக் கேட்கிறவர்கள் நாமே. ஆனால் கொல்லையில் நான்கு செடி வைத்திருப்பவருக்கு யாரிடம் விலை பேசவேண்டியிருக்கிறது? சொத்தையை அரிந்து போட்டுவிட்டு நல்லதைக் குழம்பில் போடவேண்டியதுதானே? கடைக்காயில் விஷம் இருக்குமென்று பயந்துதான் பலர் வீட்டில் செடி வைக்கிறார்கள். வைத்த செடிக்கும் அதே விஷத்தை, அளவுகூடத் தெரியாமல் அடித்தால் எங்கே போய்ச் சொல்லுவது!

இனிக் கத்தரிப் புழுவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். தண்டையும் காயையும் துளைக்கிற இந்தப் புழு ஆளைப் பார்த்தால் இளஞ்சிவப்பாக, விரல் நகம் அகலத்துக்கு இருக்கும். இதை நம்பித்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயே பிறந்தது. நம் நாட்டில் அதை 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். வங்காளதேசம் 2013இல் அனுமதித்தது. இரண்டு அரசாங்கங்களை யோசிக்க வைத்த புழு என்றால் சாமானியமா?

இதன் தாய், வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுள்ள ஒரு சின்ன அந்துப்பூச்சி. இரவில் வந்து இலையின் அடியிலும் மொட்டிலும் முட்டையிடும். குஞ்சு பொரித்த சிறிது நேரத்திலேயே புழு தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். நம் கண்ணில் படுகிற பெரிய ஓட்டை அது நுழைந்த ஓட்டை அல்ல, வளர்ந்து வெளியே போன ஓட்டை. ஓட்டையைப் பார்த்துவிட்டு மருந்தைத் தேடி ஓடுகிறோமே, அப்போது அந்தப் புழு காயிலேயே இல்லை. உள்ளே இருக்கிற மற்றப் புழுக்களுக்கோ மேலே அடிக்கிற விஷம் எட்டுவதில்லை. அது நம் சட்டிக்குத்தான் வந்து சேருகிறது.

ஆனால் புழு ஒரு தப்புப் பண்ணுகிறது. காய் பிடிக்கும் முன்பே இளந்தண்டில் புகுந்துவிடுகிறது. அந்த நுனி மட்டும் தலை சாய்ந்து வாடி நிற்கும். மற்றக் கிளைகள் நிமிர்ந்திருக்க ஒரு நுனி மட்டும் தொங்கினால் தண்ணீர்க் குறைவல்ல, புழு. வாடின இடத்துக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டுக் கிள்ளி, நசுக்கி, ஆழப் புதைத்துவிடுங்கள். குப்பைக்குழியில் எறிந்தால் அது வெளியே வந்து சருகில் கூடு கட்டி மறுபடியும் அந்துப்பூச்சியாகிவிடும். சொத்தைக் காய்க்கும் இதுவே விதி. செடியடியில் சருகு சேரவிடக் கூடாது. வாரம் ஒரு முறை என்று புத்தகங்களில் போட்டிருக்கும். வீட்டில் நான்கு செடிதானே, தினமும் பார்க்கலாம்.

தினமும் பார்ப்பதற்கு வழி, தினமும் பறிப்பது. என்னைக் கேட்டால் தோட்டத்தில் பறிப்பு வேறு, பூச்சி மேய்ப்பு வேறு என்று பிரிக்கவே கூடாது. கத்தரியைத் தோல் மினுமினுக்கும்போதே பறித்துவிட வேண்டும். மினுக்கு மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது. ஒரு காலத்தில் எங்களுடன் ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த வேலூர்ப் பக்கத்தில் இலவம்பாடி முள் கத்தரி என்று ஒரு ரகம். 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதைக்கூட முற்றவிட்டால் ருசி போய்விடும். வெண்டை இன்னும் அவசரக்காரி. பூத்து ஐந்தாறு நாளில் காய் தயார். நுனியைக் கிள்ளினால் 'படக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் நார். ஒன்றிரண்டு காய் முற்றி நின்றாலும், செடி 'என் வேலை முடிந்தது' என்று பூப்பதைக் குறைத்துவிடும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் கத்தியோடு போக வேண்டும். போகும்போது இலையைத் திருப்பிப் பார்த்தால் முட்டையும் தெரியும், வெள்ளை ஈயும் தெரியும். நரம்பெல்லாம் மஞ்சளாகிப்போன வெண்டைச் செடியைக் கண்டால் இரக்கம் காட்டாமல் பிடுங்கிவிட வேண்டும். அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குத் தூக்கிப் போகிறது அந்த வெள்ளை ஈதான்.

பாகலுக்கும் புடலுக்கும் பழ ஈ. பிஞ்சிலேயே குத்தி முட்டை வைத்துவிடும். பிஞ்சைக் காகிதத்தால் சுற்றிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. இந்த ஞாயிறு மலரை வாசித்து முடித்த பிறகு அதற்கு உபயோகித்தால் எனக்கு ஆட்சேபமில்லை. அவரைக் கொழுந்தில் கருப்பாய் மொய்க்கும் அசுவினிக்குக் காலை ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் பாட்டிமார் வழி. இப்போது சாம்பலுக்கு எங்கே போவது, எல்லாம் காஸ் அடுப்பாகிவிட்டது. தண்ணீரை வேகமாய்ப் பீச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும்.

வேப்பங்கொட்டை இருக்கவே இருக்கிறது. ஆனி, ஆடியில் மரத்தடியில் காலில் மிதிபடுகிற பொருள். காயவைத்து உடைத்து, பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். இந்த வேம்பின் பூஞ்சைக்கொல்லிக் குணத்துக்கு 1994இல் அமெரிக்க அரசின் விவசாயத் துறையும் ஒரு கம்பெனியும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கிவிட்டன. 'இது எங்கள் பாட்டிக்கே தெரியும்' என்று இங்கிருந்து போய் வாதாடி 2000இல் அதை ரத்துச் செய்ய வைத்தார்கள். அப்பீலும் 2005இல் தள்ளுபடியாயிற்று. உரிமையை மீட்டோம். கொட்டையை மட்டும் இன்னும் தெருவில் கூட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறோம்!

ஆனால் வேம்பு சர்வரோக நிவாரணி என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. காய்க்குள் போய்விட்ட புழுவை அதுவும் ஒன்றும் செய்யாது. ஒரு முறை தெளித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பலனில்லை.

விஷத்தைப் பற்றி இன்னொன்று. அது நமக்கு உதவுகிற பூச்சியையும் சேர்த்துக் கொல்லுகிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று புதிதாகத் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டது. விஷம் அடித்து அடித்துப் பார்த்தார்கள், மேலே மெழுகு மூடிய அந்தப் பூச்சி அசையவில்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான கடுகளவுக் குளவிகளை வரவழைத்து வளர்த்து ஊர் ஊராக விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அப்படி விட்ட தோட்டங்களில் மருந்து அடிக்காதீர்கள், குளவி செத்துவிடும் என்றுதான் அப்போது விவசாயிகளுக்குச் சொன்னார்கள். நம் கொல்லையிலும் அழைக்காமலே வந்த குளவியும் பொறிவண்டும் சிலந்தியும் உண்டு. அசுவினி மொய்த்த கொழுந்தில் சிவப்பாய் ஒரு பொறிவண்டைக் கண்டால் அந்தக் கொடியை நாலு நாள் தொடாமல் விட்டுப் பாருங்கள்.

குரங்கும் மயிலும் வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் உபாயமில்லை. வலை கட்டினேன், மயில் நின்றது. குரங்கு வலையையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கத்தரிக்கு மருந்து என்று ஒருவர் வந்து நின்றால், "எத்தனை செடி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான்கு செடி என்றால், "போய்க் கையால் பொறுக்குங்கள்" என்று திருப்பி அனுப்புங்கள். உங்கள் வியாபாரம் அதனால் முழுகிவிடாது. ஊராட்சிகளும் விவசாய இலாகாவும் வீடு வீடாக விதைப் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியந்தான். அதோடு, பரணில் கிடக்கும் பழைய விஷப் புட்டிகளை வாங்கி முறையாக ஒழிப்பதற்கும் ஓர் ஏற்பாடு செய்தால், விதையைவிட அது பெரிய உபகாரம். அவற்றைத் தெருவில் எறியவும் முடியாது, ஏரியில் ஊற்றவும் முடியாது. என் வீட்டுப் புட்டி இன்னும் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இன்று காலை பதினோரு கத்தரிக்காய் பறித்தேன். மூன்றில் சொத்தை. ஒன்றை முழுவதும் புதைத்தாயிற்று. மற்ற இரண்டில் பாதி பாதி தேறியது. ஆயா வீட்டுக்கு நான்கு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இதுல பூச்சி இருக்குது, இது எனக்கு இருக்கட்டும்" என்று அதையே முதலில் எடுத்து வைத்துக்கொண்டாள்.