வந்தவர் மாமாவா, நண்பரா?

மொன்றியல் நகரின் ரொக்ஸ்பரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளை ஒன்று, ‘நேற்று வந்த மாமாவின் நண்பர் புத்தகம் தந்தார்’ என எழுதினால், வந்தவர் மாமாவா, நண்பரா? பெற்றோர் பலர் இவ்விடத்தில் சிவப்பு மையை எடுத்து முழு வாக்கியத்தையும் தாமே மாற்றி எழுதிவிடுகின்றனர். பிள்ளை அதனைப் பார்த்து எழுதும்; கற்பது எதுவுமில்லை.

‘வந்தவர் யார்?’ என்ற கேள்வி ஒன்றே போதும். நண்பர்தான் எனில், ‘நேற்று வந்த, மாமாவின் நண்பர்’ என ஒரு காற்புள்ளி மயக்கத்தைத் தீர்க்கும். ‘மாமாவின் நண்பர் நேற்று வந்து புத்தகம் தந்தார்’ என்றால் காற்புள்ளியும் வேண்டியதில்லை, அதுவே சிறந்தது. வந்தவர் மாமா எனில் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தல் நன்று.

காற்புள்ளி மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோரும் உளர். ஓலைச்சுவடியில் அது இல்லை என்பது மெய்யே. ஆயின் அதனைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தோருள் முதன்மையானவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) அல்லவா?

1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் கியூபெக்கில் குடிவரவாளரின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சிலேயே பயில்கின்றனர். தமிழ் அதற்கு இடையூறு என அஞ்சும் பெற்றோர் ஒன்றை நோக்க வேண்டும். பிரெஞ்சில் ‘நேற்று வந்த’ என்பது நண்பருக்கும் மாமாவுக்கும் பின்னே போய் நிற்கும். ஆயினும் வந்தவர் யார் என்ற அதே மயக்கம் அங்கும் உண்டு. தமிழில் பழகிய கேள்வியைப் பிள்ளை அங்கும் கேட்கும்.