கட்டுக்கம்பியும் கைதட்டலும்

நம்ம ஊர் மெக்கானிக் கையில ஒரு கம்பியும் குறடும் இருந்தாப் போதும், ராக்கெட்டையே ஓட்டிருவான்னு ஒரு பெருமை வாட்ஸ்அப்புல சுத்திக்கிட்டே இருக்கு. (வடக்க இதுக்குப் பேரு ஜுகாட்.) நானும் அதை மெச்சிக்கிட்டு இருந்த ஜென்மம்தான். போன மாசம் வரைக்கும்.

வீட்டுல இருக்கிறது அப்பாவோட 1984 புல்லட். திருவொற்றியூர்ல பொறந்து, ரயில் பார்சல்ல புனே வந்து சேர்ந்தது. பையனைப் பின்னாடி வச்சுக்கிட்டு காத்ரஜ் மலையிறக்கத்துல வரேன், பிரேக்கை மிதிச்சா கால் சும்மா கீழே போகுது. கியரைக் குறைச்சு, முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிச்சு ஓரம் கட்டினேன். "ஏம்ப்பா நிறுத்திட்டே?"ன்னான் பையன். என்னத்தைச் சொல்ல?

குனிஞ்சு பார்த்தா, பிரேக் பெடலையும் ராடையும் கோக்கிற பின்னைக் காணோம். அது கழலாம இருக்கப் போடுற ஸ்ப்ளிட் பின்னுக்குப் பதிலா மெக்கானிக் முறுக்கி விட்டிருந்தது கட்டுக்கம்பி. வீடு கட்டுறப்போ கம்பி கட்டுவாங்களே, அதே. அதிர்வுல தேஞ்சு அறுந்திருக்கு.

"பழைய வண்டி சார், பார்ட்ஸ் கிடைக்காது"ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. ஸ்ப்ளிட் பின் என்ன புல்லட்டுக்குன்னு தனியாவா செய்யறாங்க? ஹார்ட்வேர் கடையில டீக்காசுக்குக் கிடைக்கும்.

ஒப்பேத்துறதே தப்புன்னு சொல்ல வரலை. கேஸ்கெட் ஷீட்டை மூடி மேல வச்சு, விளிம்புல சுத்தியலால தட்டித் தட்டி அச்சு எடுத்து வெட்டுவாங்க பாருங்க, அதை மணிக்கணக்கா ரசிச்சிருக்கேன். அது போச்சுன்னா ஆயில் கசியும், பேன்ட் பாழாகும், அவ்வளவுதான். ஆனா ஃபியூஸுக்குப் பதிலா சிகரெட் ஃபாயில் சுத்துறது? கரண்ட் மீறினா தான் உருகி வயரிங்கைக் காப்பாத்தத்தான் ஃபியூஸே. அதை உருக விடாம பண்ணிட்டா, அடுத்து எரியறது பெட்ரோல் டேங்குக்குக் கீழ ஓடுற வயர். செயின் லாக்குக்குப் பதிலா செப்புக் கம்பி? செயின் அறுந்து சிக்கினா பின் சக்கரம் அப்படியே இறுகி நிக்கும். எல்லாத்துக்கும் ஒரே கைதட்டலா?

மெக்கானிக்கிட்ட சண்டைக்குப் போனேன். மனுஷன் அசரலை. "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஹார்ட்வேர் கடை மூடியிருந்துச்சு. ரெண்டு நாள்ல வாங்க, மாத்தித் தரேன்னு சொன்னேனே சாப்?"

சொன்னார்தான். அது ஆச்சு எட்டு மாசம். வண்டிதான் ஓடுதே, அப்புறமென்னன்னு ஆபீஸ்ல ஆணி புடுங்கப் போனது நான்.

இப்போ டேங்க் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, எங்கே என்ன ஒப்பேத்தியிருக்கு, எப்போ மாத்தணும்னு தேதி போட்டு எழுதி வைக்கிறேன். இன்னிக்கு அதுல ஒரே வரி: ஹாரன் வயர், இன்சுலேஷன் டேப், சனிக்கிழமைக்குள்ள.