பாற்பல்லும் பாட்டி மிரட்டலும்

ஆறு வயதுச் சிறுமி, முன்பல் ஆடுகிறது, வகுப்பில் வாய் திறக்க மறுக்கிறாள். வலியா? இல்லை, அச்சம்! விழும் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியாவிடில் மறுபல் முளைக்காதாம். அவள் வாழ்வதோ மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். “கூரை இல்லையே, எனக்குப் பல் வராதா?” என்று விம்முகிறாள்!

கார்த்திகைதோறும் மலையுச்சிக் கொப்பரையில் நெய்யைக் கொட்டி ஒளியேற்றும் திருவண்ணாமலையிலே, தோழர்களே, ஒரு பிஞ்சு மனத்தில் இந்த இருள்!

கண்ணாடியொன்றை அவள் கையில் கொடுத்தோம். பாற்பற்கள் 20. அடியிலிருந்து நிலைப்பல் எழ எழ, பாற்பல்லின் வேர் கரைகிறது, பிடிப்பற்று ஆடுகிறது. புதியது புறப்பட்டதனால் பழையது விழுகிறது! சாணத்துக்கு அங்கே என்ன வேலை? “நாவால் மெல்ல அசை, போதும்” என்றோம். நூல்கட்டிக் கதவில் இழுக்கும் ‘வீரர்’களையும் தடுத்தோம்.

“மேனாட்டிலும் கதை உண்டே!” என்பர் சிலர். உண்டு. ஸ்பெயினில் எலியும், இங்கிலாந்தில் தேவதையும் தலையணையடியில் பரிசு வைக்கும். கதை இருக்கட்டும், ஐயா. குழந்தையை நடுங்கவைக்கும் மிரட்டல் எதற்கு?

மூன்றாம் நாள் பல் விழுந்தது. காகிதத்தில் மடித்து, பொக்கைச் சிரிப்போடு நம்மிடம் நீட்டினாள்.