புலிக்கும் ஆட்டுக்கும் ஒரு மாதக் கெடு

"படிக்கிற பெண்ணுக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்காத தாய்மார் நம் பக்கத்தில் குறைவு. விளையாடுவதற்கே இந்தக் கேள்வி என்றால், கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை உண்டாக்கப்போகிறேன் என்கிற பெண்ணுக்கு என்ன பதில் கிடைக்கும்! ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பெண்ணின் கட்சி.

கெடு வைத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் போட்டிகள் பல உண்டு. 2002-ல் தொடங்கிய 'லூடம் டேர்' போட்டியின் கடினமான பிரிவில், படம், ஓசை, புரோகிராம் அனைத்தையும் ஒருவரே 48 மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். இரண்டு இரவு கண் விழிப்பதைச் சிலர் வீரமாகப் பேசுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. தூக்கம் கெட்டவர் போடும் கணக்கு பிசகாமல் இருக்குமா?

எனக்குப் பிடித்தது, போலந்து நாட்டு ஆண்ட்ஷெய் மசூர் 2012-ல் தொடங்கிய 'ஜேஎஸ்13கே' போட்டி. ஆகஸ்டு 13 முதல் செப்டம்பர் 13 வரை ஒரு மாத அவகாசம். ஆனால் விளையாட்டு முழுவதையும் சுருக்கிக் கட்டினால் 13 கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது. செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே இதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கும்!

புதுக்கோட்டைக் கல்லூரி மாணவி ஒருத்தி இதில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மனம் சித்தன்னவாசலுக்கு ஓடும். தாமரைக் குளம், மீன், அன்னம், யானை! அத்தனை ஓவியமும் 13 கிலோபைட்டில் அடங்காது. திருமயம் கோட்டையில் ஒரு முற்றுகை? ஒரு மாதத்தில் ஆகிற காரியமா? இதை விட்டு, அதை விட்டு, கடைசியில் வந்து நிற்பது ஆடு புலி ஆட்டம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கோடு கிழித்தால் போதும்.

சுலபம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 15 ஆட்டையும் வைத்து முடித்த பிறகே ஆட்டை நகர்த்தலாம். அப்பால் இடம் காலியாக இருந்தால் புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி வெட்டும். புலிகள் அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு ஜெயம். சரி, ஓர் ஆட்டை வெட்டிய கையோடு புலி இன்னொன்றையும் வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் புலிக்கு ஜெயம்? ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. திண்ணையில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். கம்ப்யூட்டரிடம் "எங்கள் ஊரில் அப்படித்தான்" என்று சாதிக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். எதிராளி இல்லாதபோது கம்ப்யூட்டரே புலியாக வேண்டும்; நான் இங்கே போனால் ஆடு எங்கே போகும், அப்போது நான் என்ன செய்வேன் என்று அது எண்ணிப் பார்க்க வேண்டும். மாதத்தில் பாதி இதற்கே சரியாகிவிடும்.

பரிசு கிடைக்காமலும் போகலாம். நம் சங்கதியை வெளியில் யார் மதிப்பார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா' என்ற விளையாட்டு 2023-ல் வெளிவந்து, 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது.

பெண்ணுக்கு எதற்கு என்ற கேள்வியும் இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் பெண்கள் சைக்கிள் பழகக் கிளம்பினார்கள். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள், சைக்கிள் ஓய்ந்ததா?

ஆகையால் தாய்மார்களே, செப்டம்பர் 13 வரை கம்ப்யூட்டரை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். ஆடு புலி ஆடிய பாட்டி வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். புலி இரண்டாவது ஆட்டை வெட்டலாமா என்று அவளுக்கு இன்றே தெரிந்தாக வேண்டும்.