கடைசி பத்து மீட்டர்

மக்கா, ஒரு சின்ன கேள்வி. உங்க வீட்ல வைஃபை சரியா எடுக்காத ரூம் எது?

ரொம்ப யோசிக்காதீங்க. உங்க ரூம்தான்!

காரணம் சிம்பிள். கனெக்‌ஷன் குடுக்க வந்தவர் தெருப்பக்கத்து ஜன்னல் வழியா ஒயரை உள்ளே விட்டார். பக்கத்துலயே டிவி, பிளக் பாயிண்ட். ரூட்டர் அங்கேயே குடியேறிடுச்சு. தாத்தா காலத்து லேண்ட்லைன் போனும் அதே மூலையிலதான் இருந்திருக்கும், வேணும்னா கேட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ள எது புதுசா வந்தாலும் முன்னறையோட நின்னுடுது. படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிறது மாடி ரூம், இல்லேன்னா அடுக்களைக்குப் பக்கத்து உள்ளறை. நடுவுல மூணு சுவர்.

அதுவும் நம்ம ஊர்ச் சுவர்! கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய வீடுகள்ல வெட்டுக்கல் சுவரைப் பார்த்திருப்பீங்க. சும்மா கோட்டை மாதிரி நிக்கும். புது வீடுன்னா கம்பி கட்டின கான்கிரீட். வைஃபை என்பது ரேடியோ அலை. கல்லைத் தாண்டும்போது தேயும், கம்பியில பட்டா திரும்பும், ஈரம் அதை உறிஞ்சிடும். நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. சுவர் காயறதுக்கே நேரம் இல்லை.

சினிமா பார்க்க இது பெரிய தொல்லை இல்லை. வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வெச்சுக்கும். நடுவுல ரெண்டு செகண்ட் சிக்னல் போனாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனா நேருக்கு நேர் பேசுற இன்டர்வியூவுல அந்த ரெண்டு செகண்டைச் சேமிச்சு வைக்க முடியாது. 2020 செப்டம்பர்ல அண்ணா பல்கலைக்கழகத்தோட கடைசி செமஸ்டர் பரீட்சை ஆன்லைன்ல நடந்தப்போ, வீட்ல சிக்னல் எடுக்கிற மூலையைத் தேடி அலைஞ்ச சீனியர்ஸைக் கேளுங்க, கதை கதையா சொல்வாங்க. கொரோனா போயிடுச்சு, ஆனா ஆன்லைன் டெஸ்ட்டும் வீடியோ இன்டர்வியூவும் போகலை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஹெச்.ஆருக்கு உங்க வீட்டு வெட்டுக்கல் சுவர் தெரியுமா? ‘பதில் தெரியாம முழிக்கிறார்’னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவார்.

கண்டம் விட்டுக் கண்டம் கடலுக்கடியில கண்ணாடி இழையில ஓடி வர்ற டேட்டா, உங்க வீட்டுக் கடைசிப் பத்து மீட்டர்ல தடுக்கி விழுது. அதுக்கு மருந்து ரொம்பப் பழசு... ஒரு ஒயர்!

ஒயரா? இந்தக் காலத்துலயா?

சிரிக்காதீங்க. 2004-ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டப்போ, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர்ல பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வரிசையில நின்ன மாமா, சித்தி யாராவது உங்க வீட்லயே இருப்பாங்க. ஒவ்வொரு கேபினுக்கும் சுவரோரமா ஓடின கேபிளை அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே வகைக் கேபிள்தான் நம்ம ஹீரோ. பேரு ஈதர்நெட்.

இதுல ஒரு தமாஷ் உண்டு. 1971-ல ஹவாய் தீவுகள்ல கம்ப்யூட்டர்களை ரேடியோ மூலமா இணைச்சாங்க, அலோஹாநெட்னு. அந்த யோசனையைப் படிச்ச பாப் மெட்கால்ஃப், அதைச் சீர்படுத்தி கேபிளுக்குள்ள இறக்கினார். 1973 மே 22 அன்னிக்கு ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல அவர் எழுதின குறிப்புல பிறந்ததுதான் ஈதர்நெட். அதுக்காக 2022-க்கான டூரிங் விருதும் வாங்கிட்டார். ஆக, காத்துல ஆரம்பிச்சுதான் கம்பிக்கு வந்திருக்காங்க!

ஏன்னா காத்து பொதுச்சொத்து. ஒரே சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். தங்கச்சி போன், அப்பா போன், டிவி, பக்கத்து வீட்டு ரூட்டர்... எல்லாரும் கியூ. கேபிள் உங்களுக்கே உங்களுக்கு. போறதும் வர்றதும் ஒரே நேரத்துல நடக்கும்.

களத்துல இறங்கலாமா?

1. முதல்ல கயிறு. கேபிள் போகப் போற வழியிலேயே, மூலை முடுக்கெல்லாம் சேர்த்து ஒரு கயிறை ஓடவிட்டு அளங்க. மேல ரெண்டு மூணு மீட்டர் சேர்த்துக்கோங்க. 100 மீட்டர் வரைக்கும் இந்த கேபிள் தாங்கும். உங்க வீடு அரண்மனையா இருந்தா மட்டும் கவலைப்படுங்க.

2. கடையில ‘கேட்-6, முழுச் செம்பு’ன்னு கேளுங்க. விலை குறைவா ஒண்ணு நீட்டுவாங்க; மேலே செம்பு பூசின அலுமினியமா இருக்கலாம். சீக்கிரம் ஒடியும். ஒரு கம்பியோட முனையை பிளேடால சுரண்டினா உள்ளே வெள்ளையா பல்லிளிக்கும். செம்புன்னா அடி வரைக்கும் செம்புதான்.

3. கரண்ட் ஒயர் போற பைப்லயே இதையும் நுழைக்காதீங்க. அது 230 வோல்ட், விளையாட்டு இல்லை. தனி பைப், தனி வழி. குறுக்கே கடக்கணும்னா கூட்டல் குறி மாதிரி நேர்க்குறுக்கா கடந்து போங்க.

4. சுவர்ல ஓட்டை போடற வேலையை எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட விடுங்க. உள்ளே எங்க ஒயர், எங்க தண்ணி பைப்னு பார்த்துட்டுத் துளைப்பார். வெளிச்சுவர்னா ஓட்டை வெளிப்பக்கமா லேசா சரிஞ்சிருக்கணும், கேபிள் நுழையற இடத்துக்குக் கீழே ஒரு தொங்கலும் விடணும். இல்லேன்னா மழைத்தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே வந்துடும்.

5. பிளக் மாட்டின ரெடிமேட் கேபிள்னா பெரிய ஓட்டை வேணும். வெறும் கேபிளை விட்டுட்டு அப்புறமா பிளக் மாட்டினா சின்ன ஓட்டை போதும். உள்ளே எட்டு கம்பி, நாலு ஜோடி. வரிசை இதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ரெண்டு முனையிலும் ஒரே வரிசை. ஜோடிகள் முறுக்கிக் கிடக்கிறது அழகுக்கு இல்லை. வெளியிலேருந்து வர்ற இரைச்சல் ரெண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழும், வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற மறுமுனை அதைக் கழிச்சுடும். 1881-லேயே கிரகாம் பெல் இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். அதனால முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிக்காதீங்க.

6. மாட்டினதும் லேப்டாப்ல லிங்க் ஸ்பீடைப் பாருங்க. ரெண்டு பக்கமும் கிகாபிட் போர்ட்னா 1000 காட்டணும். 100-னு நின்னா ஏதோ ஒரு ஜோடி சரியா உட்காரலைன்னு சந்தேகப்படுங்க. 100-க்கு ரெண்டு ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேணும்.

லேப்டாப்ல கேபிள் மாட்டற ஓட்டையே இல்லையா? யுஎஸ்பி அடாப்டர் கிடைக்குது. ரூம்ல போனுக்கும் வைஃபை வேணும்னா பரண்ல கிடக்கிற பழைய ரூட்டரைத் தட்டி எடுங்க. அதோட ஐபி முகவரியை மாத்தி, டிஹெச்சிபியை அணைச்சு, லான் போர்ட்ல கேபிளைச் சொருகினா போதும். வெறும் ரிப்பீட்டர் வாங்கி வெச்சா, ஒரே சேனல்ல கேட்டதையே திருப்பிச் சொல்லி வேகத்துல ஏறக்குறைய பாதியைத் தின்னுடும்.

இடி, ஜாக்கிரதை!

மொட்டைமாடி வழியா சித்தப்பா வீட்டுக்கும் ஒரு இழுப்பு இழுத்துடலாம்னு தோணும். வேண்டாம் மக்கா. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல வெட்டவெளியில தொங்கற செம்புக்கம்பி, ஐப்பசி இடிக்கு அழைப்பிதழ். பக்கத்துல எங்கேயாவது மின்னல் விழுந்தாலே ரெண்டு வீட்டுக் கருவிகளும் போயிடலாம். அப்படி அவசியம்னா உலோகம் கலக்காத ஃபைபர் கேபிள் போடுங்க, கண்ணாடியில மின்சாரம் பாயாது. வீட்டுக்குள்ளயும் இடி முழங்க ஆரம்பிச்சதும் பவர் ஒயர், வெளியிலேருந்து வர்ற ஒயர் ரெண்டையும் கழட்டி வெச்சுடறது நல்லது.

ஒயர் போட்டா பிளானோட வேகம் கூடாது, கட்டின காசுக்கான வேகம் உங்க மேஜை வரைக்கும் வந்து சேரும், அவ்வளவுதான். 2017 நவம்பர் 30-ல ஒக்கி அடிச்சு மின்கம்பங்கள் சாய்ஞ்ச மாதிரி ஒரு நாள் வந்தா எந்த ஒயரும் உதவாது. ஆனா சாதாரண பவர்கட்டுக்கு ரூட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் விக்குது. இன்டர்வியூ அன்னிக்கு போன் ஹாட்ஸ்பாட்டையும் தயாரா வெச்சுக்கோங்க.

கடைசியா, கேபிள் எந்த ரூம்ல போய் முடியணும்? இதுதான் வீட்ல பெரிய பஞ்சாயத்து ஆகும். பெரும்பாலும் அண்ணனோட கேம்ஸ்தான் ஜெயிக்கும். அடுக்களைக்குப் பக்கத்து உள்ளறையில டெஸ்ட்டுக்குத் தயாராகிட்டு இருக்கிற தங்கச்சியை யாரும் கேட்கமாட்டாங்க. அவளும் வாயைத் திறக்கமாட்டா. அடுத்து யாருக்குப் பரீட்சையோ, யாருக்கு இன்டர்வியூவோ அவங்க மேஜைக்குப் போகட்டும் முதல் கேபிள். உங்க முறை வரும்போது ஒரு சின்ன ஸ்விட்ச் பாக்ஸ் வெச்சு உங்க ரூமுக்கும் பிரிச்சுக்கலாம்.

‘எதுக்குலே நல்ல சுவர்ல ஓட்டை?’ன்னு அப்பா கேட்பார். இன்டர்வியூ தேதியைச் சொல்லுங்க. ட்ரில்லிங் மெஷினை அவரே இரவல் வாங்கிட்டு வருவார்!