பேலன்ஸ் குமிழைத் திருகினா ஜோடி சேராது

போடிநாயக்கனூர்லயோ, மேல போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துலயோ தாத்தா காலத்து வால்வு ஸ்டீரியோ செட் வச்சிருக்கீங்களா? மலையில அதுக்கு முதல் எதிரி ஈரம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற முடி போல மெல்லிசான செம்புக் கம்பி பச்சை பூத்து அறுந்துடும். ஒரு பக்கம் ஊமையாச்சுன்னா உடனே அணைச்சிடுங்க. அப்படியே ஓடவிட்டா வால்வோட ஸ்கிரீன் கிரிட் பழுத்து, வால்வும் போயிடும்.

அடுத்து நடக்கிறதுதான் எனக்குப் பிடிக்கலை. ஏதோ ஒரு டிரான்ஸ்பார்மரை மாட்டிட்டு, "பாட்டு வருதுல்ல சார்"ங்கிறது.

"மீட்டர்ல ரெண்டும் ஒரே ஓம் காட்டுதே"ன்னு வேற சொல்வாங்க. மீட்டர் சொல்றது கம்பியோட நீளமும் கனமும்தான். வால்வு பார்க்கிறது சுற்று விகிதத்தோட வர்க்கத்தை. 25:1 இருந்தா 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 5000 ஓமாத் தெரியும். 20:1ன்னா 3200தான். சத்த வித்தியாசத்தை பேலன்ஸ் குமிழ் சரிபண்ணும். சிதைவையும் பேஸையும் சரிபண்ணாது. ஒத்தை வால்வு செட்ல டிரான்ஸ்பார்மருக்குள்ள டிசி ஓடும், அதனால அந்த இரும்புல சின்ன இடைவெளி விட்டிருப்பாங்க. புஷ்-புல் டிரான்ஸ்பார்மர்ல அந்த இடைவெளி இருக்காது. அதை இங்க மாட்டினா இரும்பு திணறிப்போய், தபலா ஒரு பக்கம் கும்முன்னும் மறுபக்கம் டப்பா மாதிரியும் கேட்கும்.

நம்ம மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் 1978ல 'பிரியா' படப் பாட்டை ஸ்டீரியோவுல பதிவு பண்ணினார். எந்த வாத்தியம் எந்தப் பக்கம்னு யோசிச்சுப் பண்ணின வேலை. அதை ஒத்துப்போகாத ஜோடியில கேட்டா என்ன நியாயம்?

வழி இருக்கு. மோட்டார் காயில் கட்டுற நம்மூர்க்காரங்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனா இது மோட்டார் இல்ல. பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்கா மாத்தி மாத்திச் சுத்தணும். அறுந்ததைப் பிரிக்கும்போதே சுற்று, கம்பி கனம், அடுக்கு மூணையும் எழுதிவைக்கச் சொல்லுங்க. கணக்கு கிடைக்கலைன்னா ரெண்டையும் சேர்த்துக் கட்டுறதே நல்லது. நல்லா இருக்கிறதைப் பிரிக்கணுமான்னு வயிறு எரியும்தான். ஆனாலும் ஜோடிதான் முக்கியம்.

சோதனையும் சுலபம். செட்லருந்து கழட்டி, ஸ்பீக்கர் பக்கம் 6 வோல்ட் ஏசி கொடுங்க. 25:1ன்னா மறுமுனையில 150 வோல்ட் வரணும். கை வைக்காதீங்க, ஷாக் அடிக்கும்!

ரேடியோ செய்தி மட்டும் கேட்கிறவங்களுக்கு இதெல்லாம் வேண்டாம், ஒரு சேனலே போதும். ஆனா "ஒரிஜினல் கண்டிஷன்"னு விக்கிறவங்க, ஒரு பக்கம் மாத்தினதைச் சொல்லித்தான் விக்கணும். ஏலக்காயையே தரம் பிரிச்சு விக்கிற ஊருங்க இது.