விடுமுறைக்கு எங்கே போவது? கோபத்திடம் கேட்டு முடிவெடுக்கலாமா?

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் படியிலேயே பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "ஹஜ்ரத், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு காஷ்மீர் போகலாம்னு இருக்கோம். வீட்ல பயப்படுறாங்க. போகலாமா?" என்று கேட்டார் எங்கள் மஹல்லா சகோதரர் ஒருவர். பக்கத்தில் நின்றவர், "உங்களுக்காவது பயம் மட்டும்தான் பாய். நாங்க துருக்கி போறோம்னு சொன்னதுக்கு ஆபீஸ்ல பார்த்த பார்வையே வேற" என்றார்.

இந்த இரண்டு குடும்பங்களும் 2025 மே மாதமே கிளம்பியிருக்க வேண்டியவர்கள். இருவருமே டிக்கெட்டை ரத்து செய்தார்கள். ஒருவர் உயிருக்குப் பயந்து, மற்றவர் பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்து. காஷ்மீர் வேண்டாம் என்று அன்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அது சரியான ஆலோசனைதான். ஆனால் அதே பதிலை இன்றும் யோசிக்காமல் சொல்லலாமா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்ட கொடூரம் அது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்ற முயன்ற உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர். மறுநாள் காஷ்மீர் பள்ளத்தாக்கே கடையடைத்து இந்தக் கொலைகளைக் கண்டித்தது. பாதுகாப்பு கருதி அங்குள்ள 87 சுற்றுலாத் தலங்களில் 48 மூடப்பட்டன. ஜூன் மாதத்திலிருந்து அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன.

மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதல் நடந்தபோது துருக்கியும் அஜர்பைஜானும் பாகிஸ்தான் பக்கம் நின்றன. பாகிஸ்தான் அனுப்பிய ட்ரோன்கள் துருக்கித் தயாரிப்பு என்று முதற்கட்ட ஆய்வில் தெரிவதாக நம் அரசு சொன்னது. உடனே அந்த இரு நாடுகளுக்கும் போகாதீர்கள் என்ற குரல் எழுந்தது. பெரிய பயண நிறுவனங்கள் சில முன்பதிவை நிறுத்தின. நம் விமான நிலையங்களில் பணி செய்துவந்த துருக்கி நிறுவனமான செலெபியின் பாதுகாப்பு அனுமதியை மே 15 அன்று அரசு ரத்து செய்தது.

இந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டின் மீது ஏவப்பட்ட ஆயுதத்தைச் செய்துகொடுத்த நாட்டில் என் பணத்தைச் செலவழிக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. முஸ்லிம் நாடு என்பதற்காகவே துருக்கிக்குப் போயாக வேண்டும் என்று மார்க்கம் நம்மிடம் சொல்லவில்லை. அதேபோல, ஹலால் உணவு எளிதாகக் கிடைக்கும், பழைய பள்ளிவாசல்களைப் பார்க்கலாம் என்று ஒரு குடும்பம் இஸ்தான்புல்லைத் தேர்ந்தெடுத்தால் அது தேசத் துரோகமும் அல்ல. அரசு அந்தப் பயணத்துக்குத் தடை விதிக்கவில்லை. இந்திய விமானங்களே அங்கு பறந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் அங்கே போன இந்து நண்பரிடம் யாரும் கேட்காத விளக்கம் முஸ்லிம் குடும்பத்திடம் மட்டும் கேட்கப்பட்டது. வலி அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கோபம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு மாலத்தீவு ஒரு பாடம். 2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் படங்களை அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் இழிவாகப் பேசினார்கள். மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்குள் இங்கே புறக்கணிப்பு அலை எழுந்துவிட்டது. 2023-ல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தியப் பயணிகள் எண்ணிக்கை 2024-ல் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தது. ஆனால் அதே ஆண்டில் மாலத்தீவுக்கு வந்த மொத்தப் பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டின் 60-வது சுதந்திர தின விழாவில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டவர் நம் பிரதமர்தான். 4,850 கோடி ரூபாய் கடனுதவியும் அறிவிக்கப்பட்டது. அரசுகள் கைகுலுக்கிக்கொண்டன. இரண்டு நாடுகளுக்கும் அது நல்லதுதான். அவசரத்தில் டிக்கெட்டை ரத்து செய்து முன்பணத்தை இழந்த குடும்பத்துக்குத்தான் எதுவும் திரும்பி வரவில்லை.

அப்படியானால் புறக்கணிப்பே தவறா? இல்லை. இஸ்லாமிய வரலாற்றில் அதற்கு முன்மாதிரி உண்டு. யமாமாவின் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் (ரலி) இஸ்லாத்தை ஏற்றதும் உம்ராவுக்காக மக்கா சென்றார். அங்கே குறைஷிகள் அவரை ஏளனம் செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கும் வரை யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணிகூட உங்களுக்கு வராது என்று அவர் அறிவித்தார். மக்கா பட்டினியில் வாடியது. அப்போது குறைஷிகள் உறவைச் சொல்லி நபியவர்களிடம் முறையிட்டார்கள். தம்மை ஊரைவிட்டே துரத்தியவர்கள் அவர்கள். இருந்தும் தானியத்தை அனுப்பும்படி நபியவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள். புறக்கணிப்பு ஆகுமானதுதான். ஆனால் அதற்கு இலக்கும் எல்லையும் உண்டு. பசித்த வயிறுகளை அது தாக்கியபோது நபியவர்களே அதை நிறுத்தினார்கள்.

நம் காலத்தில் அல் அக்ஸா விஷயத்திலும் இதே விவாதம் நடந்தது. 2012-ல் தோஹாவில் பேசிய பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ், முஸ்லிம்கள் ஜெருசலேமுக்கு வர வேண்டும் என்று அழைத்தார். கைதியைப் பார்க்கப் போவது சிறைக்காவலரோடு உறவு கொண்டாடுவது ஆகாது என்பது அவருடைய வாதம். ஆக்கிரமிப்பாளரின் அனுமதி பெற்றுப் போவது அந்த ஆக்கிரமிப்பை ஏற்பதாகிவிடும் என்று மறுத்தார் யூசுஃப் அல் கர்ளாவி. அதே ஏப்ரலில் எகிப்தின் முஃப்தி அலீ ஜுமுஆ அல் அக்ஸாவுக்குப் போய்வந்தார். எகிப்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. இதில் யார் சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இரு தரப்பும் எடைபோட்டது ஒரே விஷயத்தைத்தான்: நம் பயணத்தால் அங்கே துன்பப்படும் மக்களுக்கு நன்மையா, தீமையா?

அந்தக் கேள்வியோடு காஷ்மீரைப் பாருங்கள். நாம் போகாவிட்டால் துப்பாக்கி தூக்கியவனுக்கு என்ன நஷ்டம்? அவன் விரும்பியதே அதைத்தானே? நஷ்டப்படுவது குதிரைக்காரர், ஷிகாரா படகோட்டி, சால்வை விற்பவர், கடன் வாங்கி டாக்ஸி ஓட்டும் இளைஞர். மே 27 அன்று முதல்வர் உமர் அப்துல்லா பஹல்காமிலேயே அமைச்சரவையைக் கூட்டினார். பயணிகள் திரும்பி வர வேண்டும் என்ற அழைப்பாகவே அது இருந்தது. ஜூன் 6 முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடுகிறது.

எனவே பயணத்தை முடிவு செய்யும் முன் குடும்பமாக உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, அங்கே இன்று பாதுகாப்பு எப்படி? இதற்கு அரசின் அறிவிப்பையும் அங்கே வசிப்பவர்களையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பழைய வீடியோவை நம்பாதீர்கள். இரண்டாவது, நம் பணம் யார் கைக்குப் போகிறது? மூன்றாவது, போக வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது யாரைத் தாக்கும், எப்போது முடியும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத புறக்கணிப்பு வெறும் கோபம்தான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிப்பதை இந்த இடத்தில் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. விமான நிலையத்திலிருந்தே ஸ்டேட்டஸ் போடும் பழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது பெற்றோருக்கும் நெருங்கிய உறவுகளுக்கும் தெரிந்தால் போதும். பூட்டிய வீட்டை ஊருக்கே அறிவிப்பது ஆபத்து. படங்களைத் திரும்பி வந்தபின் பகிரலாம். பதற்றமான நாட்களில் விளையாட்டாக எழுதும் ஒரு வரியும் நம் பிள்ளையின் வேலைக்கு வினையாகலாம். அதற்காக ஒளிந்து பயணம் செய்யவும் வேண்டாம். யாராவது கேட்டால், "ஆமாம், போனோம். பார்த்தோம். வந்தோம்" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

மஹல்லா சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "திறந்திருக்கிற இடங்களுக்கு மட்டும் போங்க பாய். தங்குற இடத்தையும் வண்டியையும் உள்ளூர்க்காரங்ககிட்ட ஏற்பாடு பண்ணுங்க. குதிரைக்காரர்கிட்ட ரொம்பப் பேரம் பேசாதீங்க." அவர் சிரித்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகக் கிளம்பினார்.

பயணம் கிளம்பும் ஒவ்வொரு குடும்பத்தையும் அல்லாஹ் நலமாகக் கொண்டுபோய், நலமாகத் திருப்பிச் சேர்ப்பானாக! ஆமீன்.